மூன்றாவது கட்டம்

1988-இல் எனக்குப் பதினேழு வயது. என்னிடம் ஆறு கிலோ எடையுள்ள ஒரு காக்கிப் பை இருந்தது. காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் ஏழு நாள் உயிரோடு இருப்பதற்கு வேண்டிய எல்லாம் அதற்குள் இருந்தன. திருத்தணியிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஏழு மணி நேரத்துக்குள் ஒரு டீக்கடை வந்துவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவன் நான்.

பையில் இருந்தவற்றில் சில: மூணு பேட்டரி டார்ச் ஒன்று. சென்னையில் நடைபாதைக் கடையில் வாங்கிய திசைகாட்டி. வடக்கைத் தவிர எல்லாவற்றையும் காட்டும். மடக்குக் கத்தி. ஐம்பது அடி நைலான் கயிறு. பூதக்கண்ணாடி. தூண்டில் முள் ஒரு டஜன். சித்திரையில் எங்கள் பக்கத்து ஓடைகளில் மீன் என்ன, ஈரமே இருக்காது. பாம்புக்கடிக்கென்று பிளேடு, ரப்பர் குழாய், ஒரு பொட்டலம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஃபிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பாவில், மெழுகில் தோய்த்த தீக்குச்சிகள். கடைசியாக, இடம் மிச்சமிருந்ததால், அரை லிட்டர் தண்ணீர்.

அப்பாவுக்கு மளிகைக் கடை. பையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். "மூணு கட்டம் போடு. எடுத்துட்டுப் போனது, தொட்டது, இல்லையேன்னு தவிச்சது. போய்வந்த ஒவ்வொரு வாட்டியும் எழுது. விக்காத சரக்கைத் திரும்ப வாங்குற கடை உருப்படாது."

அப்போது நாங்கள் செங்கல்பட்டு மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிவரை ஆந்திரம். ம.பொ.சி. போராடி ஊரை மீட்டுத் தந்தார். நகரி மலையும் கைலாசகோனா அருவியும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. ஆகவே எங்கள் சாகசங்கள் எல்லாமே வெளிமாநிலப் பயணங்கள்.

முதல் பயணம் கைலாசகோனாவுக்குப் பின்னாலிருக்கும் மலைக்கு. பத்து மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. பதினோரு மணிக்கு வழி தீர்ந்தது. திசைகாட்டியை நம்பி மேலும் ஒரு மணி நேரம் நடந்து, கிளம்பிய பாறைக்கே வந்து சேர்ந்தேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் முதுகைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏம் நாயனா, ஊரு காலி சேசி போதுன்னாவா?" ஊரைக் காலி செய்துகொண்டு போகிறேனாம். அவரிடம் இருந்தது ஒரு கோல், ஒரு கம்பளி, ஒரு சுரைக்குடுக்கை. குடுக்கையை என்னிடம் நீட்டினார். தண்ணீர் மண்பானையில் இருந்ததுபோலக் குளிர்ந்திருந்தது. நோட்டில் அன்று எழுதியது: எடுத்துப் போனது பதினெட்டு. தொட்டது ஒன்று, அதுவும் பொய் சொன்னது. தவித்தது: தண்ணீர்.

திசைகாட்டியும் தூண்டில் முள்ளும் போயின. அந்த இடத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஏறியது.

பாம்புக்கடிச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு நான்கு ஆண்டுகள் சுமந்தேன். அதை விட்டொழித்தது ஓர் அரசு மருத்துவமனை டாக்டரால். முள் குத்திய காலைக் காட்டப் போனவன், பெருமைக்காக அந்தப் பெட்டியையும் காட்டினேன். "பாம்புகூடச் சில சமயம் விஷம் இறக்காம விட்டுடும்ப்பா. நீ விடமாட்டே போலிருக்கு" என்றார். அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாமே கேடு. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதுதான் வைத்தியம் என்று விளக்கினார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதைத் தயாரிக்க வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய இருளர்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடிக்கும் பாம்பைக் கையில் பிடிக்கிற அவர்கள் யாரும் என்னைப்போல் ரப்பர் குழாய் வைத்துக்கொண்டு திரிந்ததில்லை.

பெட்டி காலியான இடத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வந்தது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவில் விழுந்தவர்களை, உப்பும் சமையல் சோடாவும் குளுகோஸும் கலந்த தண்ணீர் கொடுத்தே டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் பிழைக்க வைத்தார். கடைப் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் வரும். விழித்திருக்கும்போது வந்ததா என்பது வேறு கதை.

கத்தியை விட மட்டும் மனம் வரவில்லை. மடக்குக் கத்தி துருப்பிடித்ததும் அதைவிடப் பெரிதாக ஒரு வெட்டுக்கத்தி வாங்கினேன். இருபது வருட நோட்டுகளில் அது வெட்டியவை: வெள்ளரிக்காய், இரண்டு மாம்பழம், என் கட்டைவிரல். ஆனாலும் கத்தி இல்லாமல் காடா?

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செத்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்றார்கள் ஊர்க்காரர்கள். அதற்குச் சில மாதம் கழித்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்தார்கள். கத்தி, கயிறு, டார்ச், தீப்பெட்டி, இரண்டு நாளைக்கான அவல். ஒவ்வொன்றாக மேஜைமேல் எடுத்து வைக்க வைக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மரம் வெட்டப் போகிறவனுக்கு இதைவிடக் கச்சிதமாக மூட்டை கட்டித் தர யாராலும் முடியாது. உயிரைக் காக்க இருபத்தேழு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சாமான்கள் என்னை இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தன. அங்கிருந்து மீட்டது இரண்டு: சட்டைப் பையிலிருந்த வாக்காளர் அட்டை, நாக்கிலிருந்த தெலுங்கு. கத்தி அடுப்படிக்குப் போனது. பைக்குள் நகவெட்டியும் அடையாள அட்டை நகலும் வந்தன.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ 23 பேரைக் கொண்டுபோன பிறகு இன்னொன்று சேர்ந்தது. அது பைக்குள் இருப்பதல்ல, வீட்டில் விட்டுப்போவது: எங்கே போகிறேன், எந்த வழி, எப்போது திரும்புவேன் என்று எழுதிய துண்டுச் சீட்டு. மனைவி அதை ஃபிரிட்ஜில் ஒட்டுவாள். இத்தனை வருடமாக அவள் வாய்விட்டுக் கேட்டதுதான் அதில் இருந்தது.

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வைத்து 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்தது பூண்டிப் பக்கத்துக் குடியம் குகை. தங்கை மகன் கூப்பிட்டான். இணையத்தில் வாங்கிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். பதினெட்டுப் பொருள், எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் திசைகாட்டி ஒட்டியிருந்தது, விசிலில்கூட. கையில் கயிற்று வளையல். "இதைப் பிரிச்சா எட்டடி கயிறு மாமா."

"பிரிச்சு?"

அவன் யோசித்தான். நான் சிரித்தேன். சிரிக்க எனக்கென்ன தகுதி என்று இப்போது தோன்றுகிறது.

வழியில் பூண்டி அருங்காட்சியகத்துக்கு அவனை அழைத்துப்போய்க் கற்காலக் கைக்கோடரிகளைக் காட்டினேன். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் கண்டெடுத்தார். அங்கே தோண்டிய கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் கணக்குச் சொன்னார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கல். வெட்டலாம், தோண்டலாம், தோலுரிக்கலாம். பல லட்சம் ஆண்டு கையாண்டு கையாண்டு, வேண்டாததைத் தட்டித் தட்டி எடுத்த பிறகு மிஞ்சிய வடிவம். "இவங்களும் அப்பா மாதிரி நோட்டு போட்டிருக்காங்கடா" என்றேன். ஊருக்குத் திரும்பும்போது என் பை எண்ணூறு கிராம், தண்ணீர் நீங்கலாக. எட்டே பொருள். முப்பத்தாறு வருடக் கணக்கு நேராகிவிட்டது என்று கர்வத்தோடு அதைப் பரணில் ஏற்றினேன்.

போன வருடம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், பேத்திக்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்தக் கோயிலுக்குக் கிளம்பினேன். மலைப்பாதையில் பஸ் போகிறது. நான் படியேறுவேன் என்று பிடிவாதம். 365 படி, வருடத்துக்கு நாளொன்றுக்கு ஒன்று. அரை டிராயர் காலத்திலிருந்து ஏறுகிறேன், அது காடா என்ன? முருகன் கோபம் தணிந்த மலை. வெயிலுக்கு அந்தச் செய்தி வரவில்லை. கோடையில் வேலூரோடு போட்டிபோடும் ஊர் இது. மணி பதினொன்றரை.

பாதிப் படியில் காது அடைத்தது. வியர்வை நின்றுபோனது. கண்ணுக்குள் மின்மினி பறந்தது. உட்கார்ந்தேன் என்று சொல்ல ஆசை. விழுந்தேன் என்பதே சரி. பூஜைச் சாமான் விற்கும் அம்மாள் ஒருத்தி என்னை இழுத்து மண்டப நிழலில் சாய்த்தாள். முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டாள். நான் தெளிந்து கண் திறந்ததும் கூடையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தன் சாப்பாட்டுத் தூக்கில் மடித்து வைத்திருந்த உப்பைப் போட்டுக் கொடுத்தாள். சர்க்கரைக்குப் பஞ்சாமிர்தம் ஒரு வாய்.

"மெதுவாக் குடி நைனா. இந்த வெயில்ல தண்ணிகூட எட்துக்காம வர்ற? இன்னா வயசு உனக்கு?"

அறுபது நோட்டு எழுதியவன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. என்னிடம் அப்போது இருந்தது செல்போன் ஒன்று. சார்ஜ் மூன்று சதவீதம்.

பை இப்போது பரணில் இல்லை. வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. பால் வாங்கப் போனாலும் தோளில் ஏறும். தெருவில் சிலர் சிரிக்கிறார்கள். உள்ளே இருப்பவை எட்டோடு ஒன்று: தண்ணீர் பாட்டில், துண்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், சின்ன டார்ச், நகவெட்டி, அடையாள அட்டை நகல், நான்கு ஊக்கு, தீக்குச்சி. தீக்குச்சி இன்னும் அதே ஃபிலிம் டப்பாவில்தான். அதற்குள் என்ன வந்துகொண்டிருந்தது என்று தங்கை மகனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஒன்பதாவது, எலுமிச்சம்பழம்.

படியில் விழுந்த அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து எழுதினேன். எடுத்துப் போனது: ஒன்றுமில்லை. தொட்டது: அந்த அம்மாளுடையது எல்லாம். மூன்றாவது கட்டத்தில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, இந்தச் சொல்: பை.