இஃப் கிளாஸில் மேல் கீழ்: ஒரு முதற்கட்ட ஆய்வு

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய எவரையும் கேட்டுப் பார்க்கலாம். ஆங்கில இலக்கணத்தில் வயிற்றைக் கலக்கியவை மூன்று என்பார்கள்: ஆக்டிவ்-பாசிவ், டைரக்ட்-இன்டைரக்ட், இஃப் கிளாஸ். முதல் இரண்டும் உருப்போட்டால் வழிக்கு வந்துவிடும். மூன்றாவது வராது. இத்தனைக்கும் அதற்கான சூத்திரம் கரும்பலகையில் மூன்றே வரி. இஃப் பக்கம் நிகழ்காலம் என்றால் மறுபக்கமான மெயின் கிளாஸில் ‘வில்’. இறந்தகாலம் என்றால் ‘வுட்’. ‘ஹேட்’ போட்டு வந்தால் ‘வுட் ஹேவ்’. முறையே டைப் ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்த மூளைக்கு இது ஒரு சுமையா? ஆனாலும் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்றும் ‘இஃப் ஹி வுட் ஹேவ் கம்’ என்றும் விடைத்தாள் நிறைகிறது. காரணம் கேட்டால் கவனக்குறைவு, தாய்மொழியின் தாக்கம், செல்போன் என்று மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. மூன்றும் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. நிபந்தனை வாக்கியம் என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்வதற்கென்று ஏற்பட்டது. பள்ளிக்கூடம் அதைக் கீழே இருப்பவர் வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறது. வாய் மறுக்கிறது.

முதலில் கல்வெட்டுச் சான்று. பாபிலோனிய அரசன் ஹமுராபியின் சட்டத்தூண் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கறுப்புக் கல், உயரம் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர், வயது சுமார் 3,750 ஆண்டு. அதில் அறிஞர்கள் எண்ணிட்டிருக்கும் சட்டங்கள் 282. அவை பெரும்பாலும் ‘ஒருவன் இன்னது செய்தால்’ என்றே தொடங்கி, அவனுக்கு நேரப்போவதைச் சொல்லி முடிகின்றன. கொத்தனார் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கொத்தனாருக்கு மரண தண்டனை என்பது அவற்றில் ஒன்று. டைப் ஒன்றுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது தூணின் அமைப்பு. உச்சியில் சூரியக் கடவுள் ஷமாஷ் அமர்ந்திருக்கிறார். எதிரே அரசன் நிற்கிறான். அவர்கள் காலடிக்குக் கீழேதான் ‘செய்தால்’கள் வரிவரியாகத் தொடங்குகின்றன. கொத்தனாரை அந்தக் கல்லில் காணவில்லை. அவர் வாக்கியத்துக்குள் மட்டும் இருக்கிறார்.

ஆங்கிலத்திலேயே சான்று வேண்டுவோருக்கு ரட்யார்ட் கிப்ளிங் இருக்கிறார். 1910இல் வெளியான ஒரு நூலில் இடம்பெற்ற அவருடைய புகழ்பெற்ற கவிதையின் தலைப்பே ‘இஃப்’. மொத்தம் முப்பத்திரண்டு வரி. தந்தை மகனிடம் சொல்வதாக அமைந்தது. நிபந்தனை, அதன்மேல் நிபந்தனை, அதற்கும் மேல் ஒன்று என்று முப்பது வரி ஓடிய பிறகு, கடைசி இரண்டு வரியில்தான் மகனுக்கு என்ன கிடைக்கும் என்று தெரிகிறது. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனி விண்ணப்பத்தில்கூட நிபந்தனைக்கும் பலனுக்கும் இவ்வளவு தூரம் இருக்காது. மகன் இடையில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசியிருந்தால் கவிதை எட்டாம் வரியிலேயே நின்றிருக்கும். இந்தியப் பள்ளிகளை ஆண்ட ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலையும் இங்கே நினைக்கலாம். அந்த ரென், பம்பாயில் ஆங்கில அரசின் கல்வித்துறையில் அதிகாரியாக இருந்தவர். பாடத்தை எழுதிய கையும் மேலேதான் இருந்திருக்கிறது.

இனி வீட்டுச் சான்று; இதுவே வலுவானது. ஒரு தமிழ்ப் பிள்ளை காதில் விழும் நிபந்தனைகளைத் தொகுத்துப் பார்த்தால் வகைக்கொருவர் பொறுப்பேற்றிருப்பது தெரியும். டைப் ஒன்று அம்மாவுடையது: ‘முழுசா சாப்பிட்டாத்தான் டிவி.’ இது ஒப்பந்தம். இதையே அப்பா சொன்னால் எச்சரிக்கை: ‘இந்தத் தடவை மார்க் குறைஞ்சா பாரு.’ டைப் இரண்டு பக்கத்து வீட்டாருடையது: ‘நானா இருந்தா இந்த குரூப்புல சேர்த்திருக்கவே மாட்டேன்.’ ஆங்கிலத்தின் ‘இஃப் ஐ வேர் யூ’ பணிவான ஆலோசனை. நம் ‘நானா இருந்தா’வோ பிள்ளையையும் பெற்றவர்களையும் ஒரே வீச்சில் கீழே தள்ளுவது. டைப் மூன்று பெரியப்பா, தாய்மாமன், ஓய்வுபெற்ற உறவினர்களின் தனிச்சொத்து. கல்யாணப் பந்தியில் இரண்டாவது முறை ரசம் ஊற்றும் நேரத்தில் அது வரும்: ‘அன்னிக்கே நான் சொன்னதைக் கேட்டிருந்தா…’ அத்தோடு நின்றுவிடும். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்வதில்லை. இலையைப் பார்த்துக் குனிந்திருப்பவர்தான் மீதியை மனதுக்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும். இலக்கண ஆய்வுக்கு இது மிக முக்கியமான தரவு. தமிழ்ப் பிள்ளை ஆயிரம் தடவை டைப் மூன்றைக் கேட்டிருக்கிறது. ஆனால் அதன் மெயின் கிளாஸை முழுதாகக் கேட்டதே அபூர்வம். ‘வுட் ஹேவ்’ என்ற இடத்தில் பேனா தயங்கி நிற்பதற்குக் காரணம் தேடி மொழியியல் துறைக்குப் போக வேண்டியதில்லை, பந்திக்குப் போனால் போதும்.

இங்கே தாய்மொழித் தாக்கக் கட்சியினர் எழுந்து நிற்பார்கள். தமிழில் எல்லாவற்றுக்கும் ஓர் ‘ஆல்’ விகுதியே போதும், ஆங்கிலத்திலோ காலத்துக்கொரு வேஷம், குழப்பம் அங்கேதான் என்பது அவர்கள் வாதம். பார்க்கச் சரிபோலத் தோன்றும். ஆனால் ‘நாளைக்கு வந்தால்’ என்பதில் உள்ள ‘வந்தால்’ என்ற சொல்லைப் பகுபத உறுப்பிலக்கணப்படி பிரித்துப் பாருங்கள். நடக்கப்போவதைச் சொல்லும் சொல்லின் நடுவில் இறந்தகால இடைநிலை சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. நன்னூலார் ‘செயின்’ என்ற பழைய வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களோடு சேர்த்தார். அதன் இடத்தைப் பிடித்த ‘செய்தால்’ இறந்தகால உடுப்பிலேயே எதிர்கால வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆக, நடக்காததைச் சொல்ல இறந்தகாலத்தைக் கூப்பிடும் ஆங்கில வழக்கம் நமக்கு வேற்றூர்ச் சங்கதியே அல்ல. தாய்மொழிதான் காலை வாருகிறது என்றால், நம் பிள்ளைகள் ‘இஃப் இட் ரெய்ன்ட் டுமாரோ, ஐ வில் நாட் கம்’ என்றல்லவா பிழை செய்ய வேண்டும்? அவர்கள் எழுதுவதோ ‘இஃப் இட் வில் ரெய்ன்’. அந்த ‘வில்’ தமிழிலிருந்து வந்ததல்ல. கீழே இருப்பவருக்குத் தெரிந்த எதிர்காலம் வாக்குறுதி ஒன்றுதான்: படிச்சிடறேன் சார், நாளைக்கு எழுதிடறேன் மிஸ், இனிமே பேச மாட்டேன். வாக்குறுதி கொடுத்தே பழகிய கை, மழைக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடுகிறது. ‘இஃப் ஹி வுட் ஹேவ் கம்’ என்ற மற்றொரு பிழையை அமெரிக்கர்களே பேச்சில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சிவப்பு மையில் சுழிப்பதில்லை என்பதையும் பதிவு செய்துவிட்டு நகரலாம்.

அடுத்த தடை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்’ என்பதில் மேல் யார், கீழ் யார்? அங்கே அதிகாரம் எங்கிருந்து வந்தது? நல்ல கேள்வி, பதில் இன்னும் நல்லது. அந்த வாக்கியத்தில் சூடாக்குபவர் மாணவர், உருகுவது பனிக்கட்டி. பத்து ஆண்டுப் பள்ளி வாழ்வில் அவர் கை ஓங்கியிருக்கும் ஒரே உதாரணம் அது. அதில் மட்டும் யாரும் மதிப்பெண் இழப்பதில்லை என்பதைக் கூடுதல் சான்றாகவே கொள்கிறோம். ‘நான் பறவையாக இருந்தால்’ என்பதை எடுத்துக்கொண்டு வாதாடுவோரும் உண்டு. பறந்து போய்விடத் தோன்றும் வகுப்பறையில் வைத்து அந்த வாக்கியத்தைச் சொல்லித் தருவது மனிதாபிமானமா என்பதை அவர்களே யோசிக்கட்டும். ‘நான் பிரதமரானால்’ கட்டுரைதான் உண்மையில் கவனிக்கத்தக்கது. முதல் வாக்கியம் இலக்கண சுத்தமாக ‘இஃப் ஐ வேர் தி பிரைம் மினிஸ்டர்’ என்று தொடங்கும். இரண்டாவதில் லஞ்சத்தை ஒழிப்பதற்கு ‘வுட்’ வரும். நதிகளை இணைக்கும் இடத்தை அடைவதற்குள் ‘வுட்’ உதிர்ந்து ‘வில்’ ஆகிவிடும்; வீட்டுப்பாடத்தைத் தடை செய்யும்போது ‘ஷல்’லே வந்துவிடும். திருத்துபவர் இதைக் காலப்பிழை என்று சுழிக்கிறார். நமக்குத் தெரிவது வேறு: எழுதியவர் அரைப் பக்கத்துக்குள் பதவியேற்றுவிட்டார். நாற்காலி கிடைத்ததும் நிபந்தனை விலகிக் கட்டளை பிறந்துவிட்டது. இதைப் பிழை என்று சொல்வதற்கு முன், நிஜமாகப் பதவியேற்றவர்களின் தேர்தல் அறிக்கைகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகும் நம்பாதவர்களுக்காக ஒரு சோதனைச்சாலைச் சான்று வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை இஃப் கிளாஸில் தடுக்கி விழுந்த அதே பிள்ளை பொறியியல் கல்லூரியில் சேர்ந்ததும் சி மொழியிலும் பைதானிலும் நாளெல்லாம் ‘இஃப்’ எழுதுகிறது. ‘இஃப்’புக்குள் ‘இஃப்’, அதற்குள் இன்னொன்று, வெளியே ‘எல்ஸ்’. அரைப்புள்ளி விட்டுப்போகும், அடைப்புக்குறி விட்டுப்போகும்; நிபந்தனைக்கும் விளைவுக்கும் உள்ள உறவு மட்டும் பிசகுவதில்லை. மூளை அதே மூளை, சொல்லும் அதே ஆங்கிலச் சொல். மாறியது ஒன்றே ஒன்று: இங்கே கீழே இருப்பது இயந்திரம். அது எதிர்த்துப் பேசாது, பெரியப்பாவிடம் போய்ச் சொல்லாது. ஐபிஎம் நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலேயே ‘இஃப்’ இருந்தது. கணக்கின் விடை சுழியத்துக்குக் கீழா, சுழியமா, மேலா என்று பார்த்து மூன்று வழியாகப் பிரியும். அங்கேயும் மூன்று வகைதான் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கப் பெரிய மனம் வேண்டும்; இந்த ஆய்வுக்கு அது இல்லை.

மிச்சமிருப்பது ‘இஃப் சப்போஸ்’. இலக்கணக் காவலர்களுக்கு இதைக் கேட்டால் கூசும். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு என்பார்கள். தமிழில் ‘ஒருவேளை வந்தால்’ என்று இரட்டைக் காப்பு இருப்பதால் வந்தது என்று சிலர் பரிந்து பேசுவார்கள். இரு தரப்பும் இதை யார், எப்போது சொல்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. மேலதிகாரி கீழே இருப்பவரிடம் ‘இஃப் சப்போஸ் யூ ஆர் லேட்’ என்று மிரட்ட மாட்டார். ‘இஃப் யூ ஆர் லேட்’ என்பதே அவருக்குப் போதும். விடுப்பு கேட்கப் போகிறவர்தான் கதவருகே நின்று ‘சார், இஃப் சப்போஸ் ஐ டோன்ட் கம் ஆன் மண்டே…’ என்று இழுப்பார். கீழிருந்து மேலே ஒரு நிபந்தனையை அனுப்புவது மேட்டில் தண்ணீர் ஏற்றுகிற வேலை. ஒரு மோட்டார் போதாது. ‘இஃப்’ தனியாகப் போனால் சவால் போலக் கேட்டுவிடும் என்ற அச்சத்தில் ‘சப்போஸ்’ துணைக்கு அனுப்பப்படுகிறது. முன்னால் ‘சார்’ வேறு.

கீழே இருப்பவர் துணையில்லாமல் ‘இஃப்’ சொன்ன சம்பவம் வரலாற்றில் இல்லவே இல்லையா என்றால், ஒன்று உண்டு. மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப், லக்கோனியா நாட்டுக்குள் நான் படையோடு நுழைந்தால் உங்களை வேரோடு அழிப்பேன் என்று ஸ்பார்ட்டாவுக்குச் சொல்லியனுப்பினான். தரமான டைப் ஒன்று. ஸ்பார்ட்டாக்காரர்கள் திருப்பியனுப்பிய பதில் ஒரே சொல்: ‘நுழைந்தால்’. புளூட்டார்க் இதைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் வியக்கும் அந்தப் பதிலுக்கு நம் பொதுத்தேர்வில் சுழியம்தான் கிடைக்கும். மெயின் கிளாஸ் இல்லை.

தீர்வு, துணிபிலேயே அடங்கியிருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளை, ஆசிரியர் பெஞ்சில் உட்கார, மாணவர்கள் மேடையேறி நிபந்தனை போட வேண்டும். போர்ஷனை மார்ச்சுக்குள் முடித்தால் நாங்கள் என்ன செய்வோம், பி.டி. பீரியடைக் கடன் கேட்டால் என்ன நடக்கும், முடிந்துபோன அரையாண்டுக்கு மாடல் பேப்பர் முன்னாலேயே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று வகையும் மூச்சுவிடாமல் வரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கட்டுப்பாடு கெட்டுவிடும் என்பார்கள்; நாற்பது நிமிடத்துக்கு மேல் கெட மணி அனுமதிக்காது. நடைமுறைச் சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்தப் பயிற்சி பெற்றவர்கள் டைப் மூன்றுக்குச் சொந்தமாக ஓர் உதாரணம் எழுதச் சொன்னால், ‘இஃப் யூ ஹேட் டாட் திஸ் லெசன் ப்ராப்பர்லி, ஐ வுட் ஹேவ் பாஸ்ட்’ என்று ‘ஹேட்’டும் ‘வுட் ஹேவ்’வும் அதனதன் இடத்தில் நிற்க, ஒரு சுழிப்புக்கும் வழியில்லாமல் எழுதிவிட்டுப் போவார்கள். அதற்கு முழு மதிப்பெண் போடுவதா, பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வதா என்பதை விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டும்.