செஞ்சிக்கு ரயில் விட்ட பிள்ளை

கோப்பிங்கன், ஜெர்மனி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பிள்ளை நலம். பட்ஜெட்டில் பேர் வந்து இத்தனை வருஷமாகியும் வண்டி ஓடாத திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைப் பாதையில் போன மாதம் ரயில் விட்டுவிட்டார், வீட்டு நிலவறையில். நிலம் கையகப்படுத்துவதில்தான் இங்கேயும் சிக்கல். வாஷிங் மெஷினை நகர்த்த உங்கள் மருமகள் சம்மதிக்கவில்லை.

ஊர் அப்படி. 1859-ல் சொப்புச் சாமான் செய்யத் தொடங்கி, பிறகு உலகத்துக்கே பொம்மை ரயில் விற்ற மெர்க்லின் கம்பெனியின் ஊர் இது. தலை நரைத்தவர்கள் புதுப் பெட்டியை வாங்கி, அதற்கு மெனக்கெட்டு அழுக்கும் துருவும் பூசுவார்கள். யாரும் சிரிப்பதில்லை.

அளவு, 87-ல் ஒரு பங்கு. செஞ்சிக் கிளை பிரியும் மெயின் லைனும் வேண்டுமாம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 37 கி.மீ. சுருக்கினாலும் 425 மீட்டர் வரும். நிலவறையோ ஆறு மீட்டர். ஆகவே பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் மூன்றும் ரத்து. மயிலத்தை மட்டும் முருகனுக்குப் பயந்து விட்டுவைத்திருக்கிறார்.

எஞ்சின் கதை பெரிது. தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் கேஜில் 1960-களில் வந்த ஜப்பான் கரண்ட் எஞ்சின், ஒய்.ஏ.எம்.-1, மாமாவுக்கு நினைவிருக்கும். மொத்தமே 20 வந்தன. இங்குள்ள கடைக்காரர்கள் அந்தப் பேரையே கேட்டதில்லை. ஸ்விட்சர்லாந்து மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதன் பொம்மைக்கு 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. கணக்குப்படி 11.5 வேண்டும், அரை மில்லிமீட்டரை மன்னித்துவிட்டார். அந்த ஸ்விஸ் எஞ்சினின் மேலுடம்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிப் புதிதாகச் செய்தார். மேலே விழுப்புரம், கீழே ஆல்ப்ஸ். பெட்டிகளுக்கு ஜன்னல் கம்பி வைப்பதற்குள்தான் உயிர் போயிற்று. கித்தாரின் மெல்லிய கம்பி கால் மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் இரண்டு செ.மீ. சொச்சம். கச்சிதமாக உட்கார்ந்தது. உங்கள் பேரனின் கித்தார் வகுப்பு நின்றது.

செஞ்சிக்கு ரயில்வே போடுவதாகச் சொன்னது அகலப்பாதை ஆயிற்றே என்று கேட்டால், ஓடாத ரயிலுக்கு எந்த கேஜாக இருந்தால் என்ன என்கிறார்.

மலைக்குத் தெர்மாகோலை அடுக்கி, பிளாஸ்டரில் தோய்த்த துணியைப் போர்த்துகிறார்கள். பாறை வார்க்க ரப்பர் அச்சும் உண்டு. ஆனால் அடுக்கடுக்கான ஆல்ப்ஸ் பாறைதான் வரும். செஞ்சிப் பாறையோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்ததுபோல் உருண்டையாகக் கிடப்பது. கூழாங்கல் பொறுக்கி வந்தார். தண்டவாளத்துக்கு ஜல்லியைத் தூவி, தண்ணீர் கலந்த பசையை இங்க் ஃபில்லரால் விடுகிறார், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு சேர்த்து. சோப்பு இல்லாவிட்டால் பசை பரவாமல் மணிமணியாக உருண்டு ஜல்லியையும் இழுத்துக்கொண்டு போகுமாம். சமையலறையில் சோப்பு நிற்பதே இல்லை.

மரங்களில் ஊசியிலை மரம் விதவிதமாகக் கிடைக்கிறது, பனை கிடையாது. கம்பியில் நூல் சுற்றி, காகிதத்தில் ஓலை வெட்டி வைத்தார். 20 மீட்டர் பனை, இந்த அளவில் 23 செ.மீ. பக்கத்து வீட்டு ஜெர்மன் பெரியவர் அளவு தப்பென்று ஸ்கேலோடு வந்துவிட்டார். விக்கிரவாண்டிப் பக்கத்துப் போட்டோவைக் காட்டிய பிறகுதான் போனார்.

வானூர்ச் செம்மண் ஒரு டப்பா அனுப்பச் சொல்லி உங்களிடம் போனில் கேட்பார். அனுப்பாதீர்கள் அத்தை. பயிர் நோயும் பூச்சியும் கூடவே வருமென்று இந்தியாவிலிருந்து இங்கே மண் கொண்டுவரத் தடை. கோலத்துக்கு இடும் காவிப்பொடி போதும். மாமாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அந்தக் காலத்தில் திண்டிவனம் ஸ்டேஷன் டீக்கடை, படிக்கட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பதில் வரும்வரை கடையை ஒட்டமாட்டாராம். சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்