படிக்க ஒரு படி இல்லை

பெண் முகத்தையே பார்க்காமல் தாலி கட்டிய தாத்தாக்களை நாம் கேலி செய்கிறோம். 1933 மார்ச் 9 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மொத்தமும் ஒரு சட்டத்துக்கு அப்படித்தான் தாலி கட்டியது.

நாடெங்கும் வங்கிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டிருந்த நேரம். மார்ச் 4-ல் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், 6-ஆம் தேதியே எல்லா வங்கிகளையும் இழுத்துப் பூட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வங்கி விடுமுறை’. கடன்காரனுக்குப் பயந்து பரணில் ஏறியவரை ‘ஐயா வெளியூர் போயிருக்கிறார்’ என்போமே, அந்த ரகம்.

பூட்டியாயிற்று, இனி சட்டம் வேண்டும். புதிய நிதியமைச்சர் வில்லியம் வுடின், ஆட்சியை இழந்த முந்தைய ஜனாதிபதி ஹூவரின் அதிகாரிகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு இரவெல்லாம் எழுதினார். அகாலத்தில் வெளியே வந்தவரிடம், “பில் முடிந்ததா?” என்று கேட்டார்களாம். “முடிந்தது. என் பெயரும் பில்தான், நானும் முடிந்தேன்” என்றாராம். வில்லியம் என்றால் அங்கே செல்லமாக பில். சட்டத்தை எழுதியவர் படுக்கப் போனார். அதை நிறைவேற்ற வேண்டியவர்களுக்கோ அதில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

நண்பகலில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடியது. புதிதாக ஜெயித்து வந்தவர்களில் சிலர் தம் நாற்காலி எது என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். மசோதா அச்சாகி வரவில்லை. வங்கிக் குழுத் தலைவர் ஹென்றி ஸ்டீகால் கையில் இருந்தது ஒரே ஒரு படி. அதிலும் கடைசி நேரத் திருத்தங்கள் பென்சில் கிறுக்கலாக. அதைச் சபையில் உரக்க வாசித்தார்கள். கதாகாலட்சேபம் கேட்பதுபோல உறுப்பினர்கள் காதால் கேட்டுக்கொண்டார்கள். சபையின் மேசைமேல் மசோதாவுக்குப் பதிலாக ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. பிள்ளையாருக்குப் பதில் மஞ்சள் பிடித்து வைப்பவர்கள் நாம், அதனால் இதில் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

விவாதத்துக்கு 40 நிமிடம் ஒதுக்கினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் ஸ்னெல்லாவது “கொஞ்சம் பொறுங்கள்” என்பார் என்று பார்த்தால், வீடு பற்றி எரிகிறது, இதுதான் அணைக்கும் வழி என்று ஜனாதிபதி சொல்கிறார் என்று அவரும் கைகழுவிவிட்டார். குரல் வாக்கெடுப்பில் ஒரே கோஷமாக ‘ஆம்’. செனட்டில் சில முரட்டு ஆசாமிகள் இருந்தார்கள். சின்ன ஊர் வங்கிகளையும் காப்பாற்றுங்கள் என்று ஹியூவி லாங் திருத்தம் கேட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. அங்கே 73-க்கு 7. இரவு எட்டரை மணி வாக்கில் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். நம் ஊர்க் கல்யாணத்தில் நலங்குக்கே இதைவிட நேரமாகும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சட்டத்தை அச்சடிக்க நேரமில்லை, ஆனால் அந்தச் சட்டத்தின் பேரால் புது நோட்டு அடிக்க அரசு அச்சகம் ராப்பகலாக ஓடியது. 12-ஆம் தேதி ரூஸ்வெல்ட் ரேடியோவில் பேசினார், மறுநாள் முதல் வங்கிகள் திறக்க ஆரம்பித்தன. சனங்கள் பணத்தை எடுக்க வராமல் போட வந்தார்கள். வைத்தியம் பலித்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் மருந்துச் சீட்டில் இன்னொன்றும் எழுதியிருந்தது. எதிரி நாட்டோடு வியாபாரம் செய்பவர்களைப் பிடிக்க 1917-ல், முதல் உலகப் போரின்போது போட்ட சட்டத்தை எடுத்து, போர்க்காலத்தில் மட்டுமல்ல, எந்தத் தேசிய நெருக்கடியிலும் செல்லும் என்று திருத்தியிருந்தார்கள். கூடவே, தங்கத்தைக் கொண்டுவந்து கொடு என்று குடிமக்களைக் கேட்கும் அதிகாரமும் நிதியமைச்சருக்கு. அந்தத் திருத்தத்தின் கீழ் வரும் ஆணைகளை மீறினால் 10,000 டாலர் அபராதம் அல்லது 10 வருடச் சிறை வரை. கேட்டு ரசித்தவர்களில் எத்தனை பேர் காதில் இது விழுந்ததோ!

ஏப்ரல் 5-ல் ஆணை வந்தது: தங்க நாணயம், தங்கக் கட்டி, தங்கப் பத்திரம் எல்லாவற்றையும் மே 1-க்குள் ஒப்படைக்க வேண்டும். ஆளுக்கு 100 டாலர் வரை நாணயம் வைத்துக்கொள்ளலாம் என்று கொஞ்சம் இரக்கம் காட்டியிருந்தார்கள்.

இந்தத் தடவை அச்சுப் பிரதிக்குப் பஞ்சமே இல்லை. கொட்டை எழுத்தில் அடித்து, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள் என்ற குறிப்போடு தபாலாபீஸ்களுக்கே அனுப்பிவைத்தார்கள்.