ஸ்வல்ப சக்கரே: மைசூரு டீயில் சர்க்கரையின் இருப்பிடம் குறித்து ஓர் ஆய்வு

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூருவின் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியை 1905இல் ஆர். சாமசாஸ்திரி பிரித்துப் பார்த்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மறுபடி உலகுக்குக் கிடைத்தது அப்படித்தான். 1909இல் அச்சேறிய அந்நூல், அரசாங்கக் களஞ்சியத்தில் இருக்க வேண்டியவை என்று கரும்புப்பாகு, வெல்லம் தொடங்கிச் சர்க்கரை வரை ஐந்து வகை இனிப்புகளைச் சொல்கிறது. சேர்த்துவைக்கச் சொன்ன ஆசிரியர் குறைக்க வழி சொல்லவில்லை. ஒற்றனை எப்படி அனுப்புவது, கஜானாக்காரன் எப்படித் திருடுவான் என்றெல்லாம் யோசித்தவர், டீ என்று ஒன்று வரும், அதில் ஒரு ஸ்பூன் குறைக்கச் சொல்லி ஒருவன் கடை வாசலில் தவித்து நிற்பான் என்று யோசிக்காமல் விட்டுவிட்டார். அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

இவ்வளவு காலம் அது நிரம்பாமல் கிடந்ததற்கு ஊரில் ஆய்வு வசதி இல்லை என்று காரணம் சொல்ல முடியாது. மைசூருவில் 1916 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1950 முதல் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் தமிழர். 1961 முதல் ராணுவத்துக்கான உணவு ஆய்வகமும் இருக்கிறது. அறிஞர் பெருமக்கள் டீ குடிக்க வெளியே வருகிறார்கள், ஆராய உள்ளே போய்விடுகிறார்கள், சிக்கல் அதுதான். இலக்கியத்திலும் உதவி கிடைக்கவில்லை. யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்த ஆர்.கே. நாராயண் காபிக் கட்சி. அவர் சாட்சியத்தை இங்கே ஏற்பதற்கில்லை.

முதலில் பூகோளம். மைசூருவுக்குச் சர்க்கரை வடகிழக்கிலிருந்து வருகிறது. கிருஷ்ணராஜசாகர் நீர் பாய்ந்த பிறகு மண்டியா கரும்புக் காடாயிற்று. 1933இல் அங்கே மைசூர் சர்க்கரைக் கம்பெனி எழுந்தது. தூரம் 45 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த விரைவுச் சாலையில் அது ஒரு தூரமே இல்லை. தேயிலை தெற்கிலிருந்து, நீலகிரியிலிருந்து வருகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கணிசமானவற்றில் கொழுந்து கிள்ளுகிறவர்கள், 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும். அங்கிருந்து இறங்கும் சாலை பந்திப்பூர்க் காட்டை ஊடறுக்கிறது. யானைக்கும் புலிக்கும் இடைஞ்சல் கூடாதென்று 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைத்துக் காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். ஆகவே தேயிலைக்கு ஊரடங்கு உண்டு, சர்க்கரைக்குக் கிடையாது. மைசூரு டீ ஏன் இத்தனை இனிப்பாக இருக்கிறது என்பதற்கு இது காரணமென்று சொல்ல இவ்வாய்வாளருக்கு ஆசைதான். சான்று போதவில்லை.

உண்மையான காரணம் பாத்திரத்தில் இருக்கிறது. மைசூருவின் பெருவாரியான கடைகளில் பால், தூள், சர்க்கரை, தட்டிய இஞ்சி எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும். வடிகட்டிப் பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் காலை வேலை முடிந்தது. பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் குழாயைத் திருகுவதுதான் பாக்கி. இவர்களைப் பாத்திர மரபினர் எனலாம். மலையாளிகள் நடத்தும் கடைகளிலும், எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுக் கடைகளிலும் வேறு முறை. பால் தனியே காயும், டிகாக்‌ஷன் துணிப்பையில் இறங்கும், சர்க்கரை கிளாஸின் அடியில் ஸ்பூனால் விழும். இவர்கள் கிளாஸ் மரபினர். இரண்டு டீயும் நிறத்தில் ஒன்றுபோலவே இருப்பதால் முந்தைய ஆய்வாளர்கள் (யாரும் இல்லை) இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறினர்.

பாத்திர மரபுக் கடையில் நடக்கும் உரையாடலைக் களப்பணியிலிருந்து தருகிறேன்.

“ஒந்து டீ. ஸ்வல்ப சக்கரே கம்மி மாடி.”

“ஆகலே ஹாக்பிட்டிதீனி சார்.”

ஏற்கெனவே போட்டாயிற்று. காலை ஐந்தரை மணிக்கே போட்டாயிற்று. வாடிக்கையாளர் தூங்கிக்கொண்டிருந்தபோது எடுக்கப்பட்ட முடிவு அது. அவர் முகம் வாடுவதைக் கண்டு சில நல்ல மனிதர்கள் கொஞ்சம் வெறும் பாலை மேலே ஊற்றிக் கொடுப்பார்கள். ‘கம்மி’ என்பதற்கு அந்த மரபில் அவ்வளவுதான் இடம். கிளாஸ் மரபிலோ ‘வித்தவுட்’ என்ற ஒரே சொல்லில் காரியம் முடியும். பை-டூ வாங்கும் நண்பர்களிடையே இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒரு டீயை இரண்டாகப் பிரித்து ஒருவர் சர்க்கரையோடும் மற்றவர் இல்லாமலும் குடிப்பது கிளாஸ் மரபில் சாதாரணம். பாத்திர மரபில் அந்த நட்பு சர்க்கரை அளவிலும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது அளவை. ‘ஸ்வல்ப’, அதாவது ‘கொஞ்சம்’, என்பது கர்நாடகத்தில் பேருந்து இருக்கையில் இடம் கேட்பதிலிருந்து கடன் தவணை கேட்பது வரை பயன்படுவது. கேட்பவருக்கு அது அரை ஸ்பூன், போடுபவருக்கு ஒன்றரை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஸ்பூனுக்கு 5 கிராம், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்று கொண்டால், மூன்றாவது டீயைப் பாதி குடிக்கையில் எல்லைக்கோடு வருகிறது. அதே வழிகாட்டி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம் என்றும் சொல்கிறது. அந்தப் பகுதியைக் கடைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவது ஆய்வு அறத்துக்கு உகந்ததல்ல.

சர்க்கரை ஏன் தேவைப்படுகிறது? கசப்பும் துவர்ப்பும் இருப்பதால். அவை ஏன் இவ்வளவு? தூள் கொதித்துக்கொண்டே இருப்பதால். 1930களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. முறை, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறு மணிகளாக்குகிறது. நிறமும் கடுப்பும் சட்டென்று இறங்கும், சிறிது தூளில் நிறைய கிளாஸ் வரும். அதைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் இறங்க வேண்டாததும் இறங்கும். பிறகு அதை மூடச் சர்க்கரை. அதாவது சர்க்கரை என்பது கொதிக்கவிட்ட நேரத்துக்குக் கட்டும் அபராதம். பால் ஓரளவு காப்பாற்றுகிறது. நந்தினி பால் பாக்கெட்டில் உள்ள கேசீன் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே தூளைக் கடைசியில் போட்டு, இரண்டு கொதியில் இறக்கி, மூடிவைத்து வடித்தால் அபராதமே பாதியாகும். வீட்டில் இதற்குத் தடை ஏதுமில்லை, மாமியாரைத் தவிர.

வாசனைப் பொருள்களில் ஏலக்காயும் பட்டையும் மூக்கின் வழியே நாக்கை ஏமாற்றுபவை. பழகிய இனிப்புகளில் அவற்றையே முகர்ந்து வளர்ந்த மூளை, வாசனை வந்ததும் இனிப்பும் வந்ததாகக் கணக்கெழுதிவிடுகிறது. இஞ்சிக்கு அந்தத் திறமை இல்லை, அது கவனத்தைத் திருப்புவதோடு சரி. அதிமதுரம் உண்மையிலேயே இனிக்கும். நாள்தோறும் நிறையப் போட்டால் ரத்த அழுத்தம் ஏறும், எனவே அது ஸ்வல்பத்திலும் ஸ்வல்பம். உப்பையும் விட்டுவிடக் கூடாது. ஒரு சிட்டிகை கசப்பை அடக்கும் என்று அமெரிக்க வேதியியலாளர் மிஷல் பிராங்கிள் எழுதப்போய், 2024 ஜனவரியில் லண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகமே சமாதான அறிக்கை விட வேண்டியதாயிற்று. காஷ்மீரில் உப்பு டீயே குடிக்கிறார்கள், அங்கே எந்தத் தூதரகமும் பதறவில்லை.

படிப்படியாகக் குறைப்பதா, ஒரேயடியாக நிறுத்துவதா? இதற்கும் ஆங்கிலேயரிடமே போக வேண்டியிருக்கிறது. லண்டன், லீட்ஸ் ஆய்வாளர்கள் சர்க்கரை போட்டு டீ குடிக்கும் 64 ஆண்களைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 2019இல் வந்தது. ஒரு மாத முடிவில், படிப்படியாகக் குறைத்தவர்களில் 42 சதவீதமும் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 36 சதவீதமும் சர்க்கரையை விட்டிருந்தனர்; எதுவும் சொல்லப்படாதவர்களில் 6 சதவீதம். டீயின் மீதிருந்த பிரியமும் குறையவில்லையாம். அந்த 64 பேரும் கிளாஸ் மரபினர் என்பதை அவ்வறிக்கை குறிப்பிடவில்லை. ஃபிளாஸ்க்குக்கு முன் நிற்பவருக்குப் படி ஏது?

எதிர்த்திசையிலும் சோதிக்கலாம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் அரை மணி நேரத்துக்காவது நாக்குக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரைக்கொல்லி என்று நம் வைத்தியர்கள் அழைப்பது அதைத்தான். மென்றுவிட்டு டீயைக் குடித்தால், சர்க்கரை அதுவரை எதை ஒளித்துவைத்திருந்தது என்று தெரியும். ஃபிளாஸ்க் டீ தோல் பதனிடும் நீராகவும், நல்ல நீலகிரி இலை பூவாசனையாகவும் பிரிந்து நிற்கும். அதே நாக்கோடு தேவராஜ மார்க்கெட்டுப் பக்கம் போய், அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பாவின் வழிவந்தவர்கள் விற்கும் மைசூர்பாக்கை வாங்கி வாயில் போடுவது தண்டனை. நெய்யில் வறுத்த கடலைமாவு, நடுவே மணல். அந்தக் கட்டத்தை மற்ற ஆய்வாளர்கள் தவிர்ப்பது நல்லது.

இரு மரபுகளுக்கும் வெளியே மூன்றாவது ஒன்று உண்டு, இவ்வாய்வாளரின் ஓட்டு அதற்கே. யாழ்ப்பாணத்தில் வெறும் தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கையில் பனங்கட்டித் துண்டை வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பார்கள். சிங்களவர் கித்துள் கருப்பட்டியோடும், ஈரானியர் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்தும் இதையே செய்கிறார்கள். இங்கே சர்க்கரை பாத்திரத்திலும் இல்லை, கிளாஸிலும் இல்லை. குடிப்பவர் கையில் இருக்கிறது. கரைந்து நீர்த்துப்போகாமல் நேரே நாக்கில் படுவதால் சிறு கடியே ஒரு மடக்கு முழுவதையும் இனிக்கவைக்கும், டீயும் டீயாகவே தொண்டையில் இறங்கும். மைசூருவில் இதற்குப் பனங்கட்டி தேட வேண்டாம். மண்டியா அச்சுவெல்லம் போதும். கடைக்காரர்கள் ஃபிளாஸ்க்கில் சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டு, மேசையில் வெல்லத் துண்டுகளை வைத்தால் செலவு கூடாது. இதை ஒரு கடைக்காரரிடம் முன்மொழிந்தபோது அவர் பொறுமையாகக் கேட்டார். வெல்லத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள் சார் என்றார். களத்தில் கிடைத்த மறுப்புகளில் இதற்கு மட்டும் பதில் இல்லை.

இவ்வாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. டீயில் தோய்க்கும் பிஸ்கட்டும், அதோடு வரும் பன்-பட்டர்-ஜாமும் டீயின் பகுதியாக இங்கே கொள்ளப்படவில்லை. கொண்டிருந்தால் மேலே உள்ள கிராம் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.