வாழ்த்து அட்டையும் முகவரிப் பேரேடும்: கேள்வி-பதில்

கேள்வி: பொங்கல் வாழ்த்து அட்டைக்கான முகவரிப் பட்டியலைக் கடைக்காரர்கள் எப்போது தொடங்க வேண்டும்? (ஈரோடு)

பதில்: சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் வெளியாகும் ஆடிப்பெருக்கன்றே தொடங்க வேண்டும், மார்கழியில் தொடங்கும் பட்டியல் மாசியில்தான் முடியும்.

கேள்வி: பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால் ஒரே குழப்பமாகிறதே? (மதுரை)

பதில்: தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னே நிறுத்துவது தமிழர் வழக்கமாதலால், கணினி கே. முருகனையும் கே. பாத்திமாவையும் ககர வரிசையில் அருகருகே அமர்த்திவிட்டு, முருகனை மகர வரிசையில் தேடுவோரை வெறுங்கையோடு திருப்பியனுப்புகிறது. தலைப்பெழுத்துக்கு ஒரு பத்தியும் பெயருக்கு ஒரு பத்தியுமாக எக்செல் தாளில் பிரித்துவிட்டால் இச்சிக்கல் அன்றே தீரும். தங்கவேல் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் கணக்கர் ஒருவிதமாகவும் விற்பனையாளர் வேறுவிதமாகவும் எழுதுவதால் அவருக்கு இரண்டு அட்டைகள் போய்ச் சேருகின்றன; பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் கைப்பேசி எண் மாறாது என்பதால், இரட்டைப் பதிவுகளை அதைக் கொண்டே களைவது நல்லது.

கேள்வி: 'சென்னை-17' என்று எழுதினால் போதாதா? (தியாகராய நகர்)

பதில்: சென்னைக்குள் அது தியாகராய நகரைக் குறிப்பது எவருக்கும் தெரியும், ஆயினும் ஆறிலக்க எண்ணை முழுமையாக எழுதாத உறையை இக்கேள்வி-பதில் பகுதி ஒருபோதும் மன்னிப்பதில்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு முறையை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், வடமொழிக் கவிஞருமாவார். கவிஞர் அமைத்த எண் என்பதாலோ என்னவோ, அதில் ஓரிலக்கமும் வீணில்லை: முதலிலக்கமான 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தையும், முதல் மூன்றிலக்கமான 600 சென்னையையும், இறுதி மூன்றிலக்கம் கடிதத்தை வீட்டுக்குச் சேர்க்கும் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. காந்தி நகர் இல்லாத ஊரும் புதூர் இல்லாத வட்டாரமும் அரிதாயிருக்கும் நாட்டில், அட்டையை உரிய காந்தி நகருக்குக் கொண்டுசேர்ப்பது இவ்வெண்ணே.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? (கோவை)

பதில்: அனுப்பலாம், அதற்கு இப்பகுதியின் உதவி தேவையில்லை.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் காலமானால் அவர் பெயரை நீக்கிவிடுவது போதுமா? (தஞ்சாவூர்)

பதில்: போதாது. நீக்கப்பட்ட பெயர் பழைய ரசீதுகளிலிருந்து அடுத்த ஆண்டே பட்டியலுக்குள் மீண்டும் ஏறிவிடக்கூடும். அவ்வாறு ஏறினால், கணவரை இழந்த பெண் ஒருவர், மறைந்த கணவரின் பெயருக்கே பொன்னெழுத்தில் வந்த 'மங்களம் பொங்குக' என்னும் வாழ்த்தைத் தம் கையால் பிரிக்க நேரிடும். துக்கம் நிகழ்ந்த இல்லங்கள் பலவற்றில் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடப்படுவதில்லை. ஆதலால் பெயரை அழிக்காமல், துக்கம் நிகழ்ந்த நாளைத் தனிப் பத்தியில் குறித்து, அவ்வாண்டு முழுவதும் அவ்வீட்டிற்கு அட்டை அனுப்புவதைத் தவிர்த்து, முதலாளியே தம் கைப்பட ஓர் இரங்கல் கடிதம் எழுதுவது முறை. ஓராண்டு கழிந்தபின் வாழ்த்தை யார் பெயருக்கு அனுப்பலாம் என்பதைக் குடும்பத்தாரிடம் பணிவுடன் கேட்டறிய வேண்டும். மூத்த மகன் பெயருக்கு என்று கடைக்காரரே முடிவு செய்துவிடலாகாது.

கேள்வி: பக்கத்துக் கடையின் பட்டியலை விலைக்கு வாங்கலாமா? (சேலம்)

பதில்: கூடாது.

கேள்வி: 'லெஃப்ட்' என்று தபால்காரர் பேனாவால் எழுதித் திரும்பிவரும் உறைகளை என்ன செய்வது? (திருச்சி)

பதில்: குப்பையில் இடாமல், அன்றைக்கே வாடிக்கையாளரைக் கைப்பேசியில் அழைத்துப் புதிய முகவரியைக் கேட்டுப் பட்டியலைத் திருத்தியபின், அதே அட்டையைப் புது உறையில் அனுப்ப வேண்டும், அனுப்புநர் முகவரி அச்சிடப்படாத உறைக்கு இந்த வாய்ப்பும் இல்லை.