எலியின் நீச்சலும் நம் மாத்திரையும்

வாசகி, கொரட்டூர்: மனுஷனுக்கே தன் மனசைச் சொல்லத் தெரியவில்லை. எலிக்குப் பதற்றம் குறைந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சமையலறையில் லைட்டைப் போட்டதும் எலி எப்படி ஓடுகிறது? நடுவில் வராது, சுவரோரமாகவே ஓடும். அந்தப் பயத்தைத்தான் அளக்கிறார்கள். கூட்டல் குறி வடிவத்தில், உயரத்தில் ஒரு பலகை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவை. எலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். பதற்றம் தணிக்கும் டயசிபாம் கொடுத்த எலி திறந்த பக்கத்தில் கூடுதல் நேரம் உலவும். புது மருந்துக்கும் அப்படி உலவினால் பதற்றம் குறைந்தது என்று குறித்துக்கொள்வார்கள்.

எம்.பார்ம் மாணவர், அம்பத்தூர்: நாங்கள் தயாரித்த புது காம்பவுண்டைக் கொடுத்ததும், மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் கொடுத்த எலியைப் போலவே எங்கள் எலியும் தண்ணீரில் விடாமல் நீந்தியது. மனச்சோர்வுக்கு மருந்து என்று எழுதலாமா?

வேண்டாம், தம்பி. ‘அசையாமல் மிதந்த நேரம் குறைந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். 1977இல் போர்சோல்ட் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த சோதனை அது. ஏறி வர வழியில்லாத கண்ணாடி உருளையில் சுண்டெலிக்கு ஆறு நிமிடம். முதலில் சுவரைப் பிறாண்டும். பிறகு மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மிதக்கும். அதை ‘நம்பிக்கை இழந்துவிட்டது’ என்று படித்தார்கள். வீணாகத் துடிக்காமல் தெம்பைச் சேமிக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கஃபீன் கொடுத்தாலும் கூடுதலாக நீந்தும். அதனால் நடமாட்டத்தைத் தனியாகச் சோதித்தீர்களா என்று பாருங்கள். மனிதருக்கு மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். எலி அன்றைக்கே நீந்துகிறது. இரண்டும் ஒரே சங்கதியா?

வாசகர், பாடி: நம்மவர்கள் யாரும் இப்படி மருந்து கண்டுபிடித்ததில்லையா?

உண்டே! மனச்சோர்வுக்கான நைட்ராக்ஸாசிபின், மும்பை கோரேகாவில் சீபா மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் பிறந்தது. ‘சின்டமில்’ என்ற பெயரில் 1982இல் கடைக்கு வந்தது. அந்த மையத்தை நடத்திய டி.ஆர்.கோவிந்தாச்சாரி, நம் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர்.

வாசகர், கொரட்டூர்: வீட்டில் பொறி வைத்துப் பிடிக்கிறோம். லேப் எலிக்கு மட்டும் ஏன் இத்தனை கரிசனம்?

பொறியில் நாம் அதனிடம் எதுவும் கேட்பதில்லை. லேபில் ஒரு பதில் கேட்கிறோம். எலியால் சொல்ல முடியாத பதிலுக்காக அதைத் தவிக்கவிடுவது அநியாயம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. இன்று நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எலியைத் தொடக்கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2024இல் இந்த நீச்சல் சோதனைக்கே தடை போட்டுவிட்டது. நாமும் போட வேண்டும்.

வாசகி, ஆவடி: பயமாக இருக்கிறது. மனச்சோர்வுக்கு ஆறு மாதமாகச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள், அம்மா. எலியை மட்டும் நம்பி அது உங்கள் கைக்கு வரவில்லை. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே வந்தது. இமிப்ரமினின் குணத்தையே 1950களில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் நோயாளிகளைக் கவனித்துத்தான் கண்டுகொண்டார். நீச்சல் சோதனை அதற்கு இருபது ஆண்டு பிந்தியது. சட்டென்று விட்டால் தலைசுற்றும், தூக்கம் கெடும். டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். நடுராத்திரியில் மனசு தாங்கவில்லையா? 14416, டெலி மனஸ் மனநல உதவி எண். காசில்லை, தமிழிலேயே பேசலாம்.