சென்னை அணியின் ஏல நாளும் ஈஸ்ட் ஹாம் உரையாசிரியர்களும்: கிடைத்துள்ள சான்றுகளை முன்வைத்து

லண்டனின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஹாமில் ஆண்டுதோறும் நிகழும் ஓர் அறிவுப்பணியை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுகொள்ளவில்லை. ஐபிஎல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும், அவர் மஞ்சள் சட்டையைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே, எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தபடி எடைபோட்டுத் தீர்ப்பு எழுதி முடிக்கும் பணி அது. தலைப்புப் பஞ்சத்தில் ‘இன்னார் நாவல்களில் மழை’ வரைக்கும் முனைவர் பட்டம் கொடுத்துவிட்ட தமிழாய்வுலகம் இந்த வயலை உழாமல் விட்டிருப்பது வியப்புக்குரியது. இக்கட்டுரை அக்குறையைக் களைய முனைகிறது.

ஆய்வு எல்லை: ஈஸ்ட் ஹாம். வாதத்துக்குத் தேவைப்படும் இடங்களில் டூட்டிங்கும் வெம்பிளியும் ஹாரோவும் ஈஸ்ட் ஹாமிலேயே இருப்பதாகக் கொள்ளப்படும்.

ஆய்வு முறை: முடிவுரை முதலில் எழுதப்பட்டது, அதற்கு இசைவான சான்றுகள் பிறகு திரட்டப்பட்டன. துறை வழக்கம் அதுவே.

முதன்மை ஆதாரங்களுள் தலையாயவை வாட்ஸப் குரல் செய்திகள். ஏட்டுச்சுவடியைச் செல் அரித்ததுபோல இவற்றை ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி அரித்திருக்கிறது. எஞ்சியவற்றிலும் காலக்கணிப்புச் சிக்கல் உண்டு. “இவன் மட்டும் ஆடினா நான் மீசையை எடுத்துடறேன்” என்றொரு செய்தி வேறொருவர் போனில் பதிவு செய்யப்பட்டு, கைமாறி வந்து, தேதியிழந்து நிற்கிறது (குரல் செய்தி, 41 விநாடி). ‘இவன்’ என்பது 2018-இல் 4 கோடிக்கு வாங்கப்பட்ட ஷேன் வாட்சன் என்பார் ஒரு சாரார். அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் வாட்சன் 57 பந்தில் 117 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார்; பேசியவரோ இன்றும் மீசையோடு உலவுகிறார்; ஆகவே அவர் வாட்சனைச் சொல்லியிருக்க முடியாது என்பது எதிர்த்தரப்பு. மீசை வளரக்கூடியது என்பது முதல் தரப்பின் மறுமொழி. தொல்காப்பியத்தின் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன்னும் பின்னுமாகப் பல நூற்றாண்டுகள் இழுத்துப் பார்த்த மரபுக்கு இது ஒரு பொருட்டல்ல.

ஏலம் இந்தியக் கடிகாரத்துக்கு நடப்பது. அங்கே பிற்பகல் இரண்டரை என்றால் குளிர்கால லண்டனில் காலை 9 மணி. பென் ஸ்டோக்ஸ் விலைபோன கொச்சி ஏலம் 2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. அபுதாபி ஏலம் 2025 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. இரண்டும் வேலை நாள். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் ரயில் ஏறி நகருக்குள் போகும் உரையாசிரியருக்குப் போ ரோட்டை ஒட்டிச் சுரங்கம் தொடங்கிவிடும். போன் ஊமையாகிவிட்ட அந்த நிமிடங்களில் சென்னை யாரை விட்டது, யாரை வாங்கியது என்பதைப் பற்றிய உரைகளே கிடைத்தவற்றுள் மிக விரிவானவை.

இவ்வுரைகளைப் புறத்துறைகளில் அடக்கலாம். செவியறிவுறூஉ என்பது அரசனுக்கு அறிவுரை கூறுவது. இங்கே அரசன் 2009 முதல் பயிற்சியாளராக இருக்கும் ஸ்டீபன் ஃபிளெமிங். அவர் அந்த வாட்ஸப் குழுவில் இல்லை என்பது இத்துறைக்குத் தடையாகாது. கையறுநிலை வேறு; அது இழந்தவருக்காகப் புலம்புவது. 2022 பிப்ரவரியில் பெங்களூர் ஏலத்தில் அடிப்படை விலை 2 கோடிக்குக்கூடச் சுரேஷ் ரெய்னாவை எவரும் கேட்கவில்லை. சென்னை மேசையிலும் கை எழவில்லை. அன்று சின்னத் தலைக்காகப் பாடப்பட்டவை அனைத்தும் இத்துறையில் அடங்கும். பிற துறைகளை வந்துழிக் காண்க.

அளவைகள்: விலை முதலில் கோடியில் கேட்கப்பட்டு, பவுண்டில் வகுக்கப்பட்டு, ஈஸ்ட் ஹாம் வீடுகளில் வியக்கப்படுகிறது. ஸ்டோக்ஸுக்குச் சென்னை கொடுத்த 16.25 கோடி ஏறத்தாழ 16 லட்சம் பவுண்டு. “மூணு வீடுய்யா, தோட்டத்தோட” (டூட்டிங் மைத்துனர், ஓட்டல் பில்லின் பின்பக்கம், வரி 3).

இனிக் கட்டுரையின் உயிர்நாடி. ஏல நாள் உரைகள் அனைத்தும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: நல்ல ஆட்டக்காரரை வாங்கினால், அவர் ஆடினால், அணி வெல்லும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. சான்றுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன. அவற்றைத் தொகுத்து இக்கட்டுரை ‘பெஞ்சுக் கோட்பாடு’ என்பதை முன்மொழிகிறது: சென்னை பெரும்விலைக்கு வாங்கியவர் எவ்வளவு குறைவாக ஆடுகிறாரோ, கோப்பை அவ்வளவு கிட்ட வரும்.

முதற்சான்று 2018. இரண்டாண்டுத் தடை முடிந்து திரும்பிய சென்னை, ஜனவரி ஏலத்தில் முப்பதைத் தாண்டியவர்களாகப் பார்த்து வாங்கியது. ஹர்பஜனுக்கு 37, வாட்சனுக்கு 36, இம்ரான் தாஹிருக்கு 38. உலகமே இதை ‘டாட்ஸ் ஆர்மி’ என்று நக்கலடித்தது. பிரிட்டனில் வாழும் உரையாசிரியர்களுக்கு இப்பெயரில் தனியுரிமை உண்டு. 1968 முதல் 1977 வரை பிபிசியில் வந்த, வயதான ஊர்க்காவல் படையினரைப் பற்றிய நகைச்சுவைத் தொடரின் பெயர் அது. ஆனால் ஆய்வுக்குரியவர் கிழவர்கள் அல்லர், 7.8 கோடிக்கு வாங்கப்பட்ட கேதார் ஜாதவ். மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தொடைத் தசைநார் இழுத்துக்கொண்டு வெளியேறினார், கடைசியில் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார், ஜெயிக்க வைத்தார், பிறகு அந்தத் தொடர் முழுக்க ஆடவில்லை. ஓர் ஆட்டம். மே 27 அன்று கோப்பை.

இரண்டாம் சான்று கோட்பாட்டின் மணிமுடி. 2021 பிப்ரவரி 18, சென்னையில் ஏலம்; லண்டனில் ஊரடங்கு. அலுவலக மடிக்கணினி மேசையில், ஏலம் மடியில், மைக் மியூட்டில் என்று உரைமரபு வரலாற்றிலேயே முழுமையாகச் செழித்த நாள் அது. அடிப்படை விலை 20 லட்சம் இருந்த கிருஷ்ணப்பா கௌதமைச் சென்னை 9.25 கோடிக்கு எடுத்தது. இந்திய அணிக்கு அதுவரை ஆடியிராத இந்தியர் ஒருவருக்கு ஐபிஎல்லில் அன்றைக்கு அதுவே உச்ச விலை. “யாருக்குடா இவ்ளோ காசு?” என்பதே எல்லா உரைகளின் முதல் வரி (மேற்படி மைத்துனர், மேற்படி பில், ‘கௌதம்’ என்பதற்குக் ‘கம்பீர்’ என்றொரு பாடபேதம் உண்டு, அது சாம்பார்க் கறையால் நேர்ந்தது). கௌதம் அந்த ஆண்டு ஓர் ஆட்டத்திலும் பதினொருவரில் ஒருவராக இறங்கவில்லை. டெல்லிக்கு எதிராக மாற்று ஃபீல்டராக வந்தார், ஹெட்மயர் கொடுத்த கேட்சை விட்டார், சென்னை தோற்றது. ஆடுகளத்துக்குள் கால் வைத்ததற்கே அந்த விலை. மீதி நேரமெல்லாம் உட்கார்ந்திருந்தார். அக்டோபர் 15 அன்று துபாயில் கொல்கத்தாவை 27 ரன்னில் வீழ்த்திச் சென்னை கோப்பையை வாங்கியது.

மூன்றாம் சான்று ஸ்டோக்ஸ், 2023. ஆட்டம் 2, ரன் 15, வீசியது ஓர் ஓவர், கொடுத்தது 18. ஒரு ரன் ஒரு கோடிக்கு மேல். காயத்தோடு மீதிக் காலத்தைக் கழித்தார். ஐந்தாவது கோப்பை.

பூஜ்யம், ஒன்று, இரண்டு என்றால் கோப்பை. மூன்றானால்? இங்கேதான் கோட்பாடு தன் நுட்பத்தைக் காட்டுகிறது. 2009-இல் 15.5 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் தென்னாப்பிரிக்காவில் சென்னைக்காக மூன்று ஆட்டம் ஆடி, முழங்கால் கெட்டு ஊர் திரும்பினார். அந்த ஆண்டு சென்னை அரையிறுதியோடு நின்றது. ஒரே ஓர் ஆட்டம் கூடிப்போனதற்கு இவ்வளவு பெரிய தண்டனை.

தடை ஒன்று எழும்: 2022-இல் 14 கோடிக்கு வாங்கப்பட்ட தீபக் சாஹர் காயத்தால் ஓர் ஆட்டமும் ஆடவில்லை, ஆயினும் சென்னை ஒன்பதாம் இடத்தில் முடித்ததே? விடை எளிது. சாஹர் 2018 முதலே அணியில் இருந்தவர், விட்டதைத் திரும்ப வாங்குவது வாங்குதல் ஆகாது (ஹாரோ பெரியப்பா, ‘சாஹர் விலக்கு’, குரல் செய்தி, 6 நிமிடம், முதல் 4 நிமிடம் பெரியப்பாவின் முழங்கால் பற்றியது, அதை ஃபிளின்டாஃப் முழங்காலின் உள்ளுறையாகக் கொள்வாரும் உளர், நடுவே ‘அடுப்ப அணைச்சியா?’ என்று வருவது பெரியம்மாவின் இடைச்செருகல் என்று ஒதுக்குவர் ஒரு சாரார், அதுவே மூலபாடம் என்பார் பெரியம்மா). பத்துப்பாட்டில் எங்கோ தள்ளிக் கிடந்த சொல்லை இழுத்து வந்து வேண்டிய இடத்தில் மாட்டிப் பொருள் சொன்னார் நச்சினார்க்கினியர். மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் அதைக் கடிந்துகொண்டார். ஈஸ்ட் ஹாம் இவ்விஷயத்தில் முழுக்க நச்சினார்க்கினியர் கட்சி. ஆய்வரங்குகளில் தம் கோட்பாட்டுக்கு எதிர்ச்சான்று காட்டப்பட்டதும் ‘அது வேறு பிரதி’ என்று சொல்லித் தேநீர் இடைவேளைக்கு எழுந்துவிடும் பேராசிரியர்களும் அக்கட்சியே என்பதை மரியாதையோடு குறிப்பிடலாம்.

எதிர்மறைச் சான்றும் உண்டு. 2024 நவம்பரில் ஜெத்தா ஏலத்தில் சென்னை நூர் அகமதை 10 கோடிக்கும், அஸ்வினை 9.75 கோடிக்கும் எடுத்தது. அஸ்வின் வீடு திரும்பியதற்குக் கண்ணீர் விட்டு எழுதப்பட்ட உரைகளுக்குக் கணக்கில்லை. நூர் அகமது 2025-இல் 24 விக்கெட் எடுத்தார். வாங்கியவர் ஆடினார், நன்றாகவும் ஆடினார். அணி பத்தாம் இடம். சென்னை பட்டியலின் அடியில் முடித்தது அதுவே முதல் முறை. இதற்கு மேல் ஒரு கோட்பாட்டுக்கு என்ன நிரூபணம் வேண்டும்?

ஒப்பியல் நோக்கு. (சம்பந்தமில்லாத இரண்டை ஒரே பத்தியில் வைப்பது ஒப்பியல்.) அமெரிக்கக் கூடைப்பந்தான என்பிஏவில் ஏலம் இல்லை, டிராஃப்ட் உண்டு, மறுநாள் காலையிலேயே அணிகளுக்கு ‘ஏ’, ‘சி மைனஸ்’ என்று மதிப்பெண் வந்துவிடும். 1984-இல் போர்ட்லாண்ட் இரண்டாம் தேர்வாகச் சாம் போவியை எடுத்து, மூன்றாம் தேர்வுக்கு மைக்கேல் ஜோர்டனை விட்டுவைத்தது. 2014-இல் 41-ஆம் தேர்வாக நிகோலா யோகிச் பெயர் அறிவிக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. போ ரோடு சுரங்கத்தின் அமெரிக்க வடிவம் இது. 2015-இல் 52-ஆம் தேர்வாக டல்லாஸ் எடுத்த பஞ்சாபின் சத்னம் சிங், என்பிஏவில் தேர்வான முதல் இந்தியர். அங்கே ஓர் ஆட்டமும் ஆடவில்லை. டல்லாஸ் கோப்பை வெல்லவில்லை. ஆகவே பெஞ்சுக் கோட்பாடு மஞ்சள் சட்டைக்கு மட்டுமே உரியது.

லண்டனுக்கே சொந்த டிராஃப்ட் ஒன்று இருந்தது. ‘தி ஹண்ட்ரட்’ போட்டிக்காக 2019 அக்டோபர் 20 அன்று நடந்த அதில் கிறிஸ் கெயிலையும் லசித் மலிங்காவையும் எவரும் எடுக்கவில்லை. லார்ட்ஸைத் தாயகமாகக் கொண்ட லண்டன் ஸ்பிரிட் அணியின் 49 சதவீதத்தை 2025-இல் 14.5 கோடி பவுண்டுக்குக் கேட்டு வாங்கிய குழுவில் சுந்தர் பிச்சையும் உண்டு. தம் ஊர்ப் பையன் பங்குதாரராக இருக்கும் அணியை விட்டுவிட்டுச் சேப்பாக்கம் அணிக்குக் கணக்குப் போடுவது ஏன் என்ற கேள்விக்கு உரையாசிரியர்களிடமிருந்து கிடைத்த ஒரே விடை மௌனம். அதையடுத்து இன்னொரு காபி.

யாழ்ப்பாண மரபு தனி. இம்மரபினர் முரளிதரன் 2008-இல் சென்னைக்கு வந்ததிலிருந்து எண்ணுகிறார்கள். அவர்களுடைய மூலநூலோ ஏலத்தில் இல்லவே இல்லை. யாழ் மத்திய கல்லூரியின் முன்னாள் மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024-இல் ஹசரங்கவுக்கு மாற்றாக ஹைதராபாத் அணிக்குள் வந்தார்; மே 8 அன்று லக்னோவுக்கு எதிராக நான்கு ஓவர் வீசி 27 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. “விலை போகேல்ல, ஆனா ஆடிட்டான் பாருங்கோ” என்ற வெம்பிளி அண்ணையின் ஒரு வரி, இக்கட்டுரை முழுவதையும்விடச் செறிவானது. ஆய்வேட்டின் பக்க அளவு கருதி அதை ஏற்க இயலவில்லை.

அபுதாபியில் சென்னை தலா 14.2 கோடிக்கு எடுத்த 20 வயது பிரசாந்த் வீரும் 19 வயது கார்த்திக் சர்மாவும் இந்த ஆய்வின் கால எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். கிழவர்களை வாங்கினால் ‘பையன்கள் எங்கே?’ என்று கேட்டவர்களே பையன்களை வாங்கியதும் ‘அனுபவம் எங்கே?’ என்று கேட்டிருப்பதை மட்டும் பதிவு செய்யலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கௌதமை வாங்கியது கோப்பைக்கான ராஜதந்திரம் என்று அன்றே சொன்னதாக ஈஸ்ட் ஹாமில் இன்று பலர் உரிமை கோருகிறார்கள். 2021 பிப்ரவரி 18 என்று தேதியுள்ள, நீக்கப்படாத, திருத்தப்படாத ஒரே ஒரு செய்தி எவரிடமாவது இருந்தால் ஆய்வாளருக்கு அனுப்பி உதவவும். அடுத்த டிசம்பர் ஏலம் வரை காத்திருக்கிறோம்.